குண்டு டிவி வேண்டும்: எது பெஸ்ட் கேம் பஞ்சாயத்துக்கு

வணக்கம் மக்களே. "இதுவரை வந்ததிலேயே பெஸ்ட் கேம் எது" என்ற சண்டையை இந்த முறை வாயால் போடாமல் ஆடிப் பார்த்துப் போடலாம் என்று திட்டம். சென்னைக்குள் யாரிடமாவது ஓடுகிற நிலையில் 21 இன்ச் குண்டு டிவி (பிக்சர் டியூப் உள்ள பழைய டிவி) இருந்தால் ஒரு ஞாயிறு மட்டும் கொடுங்கள். ஏவி சொருகும் துளை கட்டாயம்.

எல்இடி ஏன் ஆகாது? டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் கேமின் துப்பாக்கி அதில் வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் உடனே பட்டால்தான் கணக்கு. எல்இடி படத்தைத் தாமதமாகக் காட்டும், வாத்து சாகவே சாகாது. சூப்பர் மரியோவும் (1985) அப்படித்தான்: பட்டனைத் தட்டினால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். தாமதத்தில் பள்ளத்தில் விழுந்துவிட்டு கேமைத் திட்டுவார்கள்.

டிவி மெனுவில் என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் டிவி சிக்னல் முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மூர் முறையான பிஏஎல் மட்டும் என்றால் கலர் போய்விடும், படம் உருளவும் செய்யும். 50 ஹெர்ட்ஸ் பிஏஎல் கேசட் வேண்டவே வேண்டாம்; 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய பல கேம்கள் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அதை வைத்து மரியோவுக்கு மார்க் போடுவது அநியாயம்.

ஆடும் பட்டியலில் டெட்ரிஸ், டூம் (1993) உறுதி. செல்டா வரிசையின் ஆக்கரினா ஆஃப் டைம் (1998) தான் தலைவலி. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 99, ஆனால் முதல் அரை மணி நேரம் ஊர் சுற்றல். நடுவில் சேவ் செய்த கேசட் யாரிடமாவது உண்டா? உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால் சேவ் போயிருக்கும், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.