அப்டேட்: பசங்கள விட்டுட்டு தீவுக்குப் போயிட்டு வந்துட்டோம்

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, அஞ்சு வயசு பெரியவளையும் ரெண்டு வயசு சின்னவனையும் அம்மாகிட்ட விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும் 5 நாள் தீவுக்குப் போலாமா வேணாமானு, போயிட்டு வந்தாச்சு.

கிளம்பறப்ப அழுதது நான்தான், பசங்க டாட்டா காட்டிட்டு பாட்டி கையப் புடிச்சுட்டு திரும்பிக்கூட பாக்காம போயிட்டாங்க. முதல் நாள் ராத்திரி தூங்கற நேரத்துல வீடியோ கால் போட்டது பெரிய தப்பு, அதுவரைக்கும் சமத்தா இருந்த சின்னவன் என் மூஞ்சியப் பாத்ததும் ஃபோன கன்னத்துல அழுத்தி வச்சுக்கிட்டு "அம்மா வா"னு ஒரே அழுகை, எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் தேடற அளவுக்கு ஆயிடுச்சு. மறுநாள்ல இருந்து காலைல விளையாடறப்ப மட்டும்தான் கால், ரெண்டே நிமிஷம், பிரச்சனையே இல்ல.

அப்புறம் வெயில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல சூரியன் நேரா உச்சந்தலைல நிக்குது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணிய விட்டு ஏறினதும் மறுபடி சன்ஸ்க்ரீன்னு பசங்களுக்குன்னா கரெக்டா பண்ணுவோம், நமக்குன்னா எங்க! ஸ்நார்க்கலிங்ல குப்புற மிதந்து மீன் பாத்துட்டே இருந்ததுல அவர் முதுகு செவந்து ரெண்டு ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியல. டீ-ஷர்ட்டோட இறங்கியிருக்கலாம்.

மூணாவது நாள் ஒரு சாப்பாட்ட சூடா, உக்காந்து, முழுசா சாப்பிட்டோம். நடுவுல அவர் பழக்க தோஷத்துல என் தட்டுல இருந்தத குட்டி குட்டியா வெட்டி வச்சிருக்காரு, ரெண்டு பேரும் சிரிச்சு முடிக்கவே நேரமாச்சு.

வீட்டுக்கு வந்து பெல் அடிச்சா பெரியவ கதவத் திறந்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"