மணிக்கட்டில் வைத்த மின்சாரம் கட்டைவிரலை எப்படி அசைத்தது?

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகி):
வணக்கம். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய என் அம்மாவுக்கு இரவில் வலக்கை விரல்கள் மரத்துப்போவதால், நரம்புச் சோதனை செய்தார்கள். மணிக்கட்டில் மின்முனையை வைத்ததும், அம்மா அசைக்காமலே கட்டைவிரல் துள்ளியது. இயந்திரத்தின் மின்சாரம்தான் விரல்வரை ஓடியதா?

மறுமொழி (இயன்முறை மருத்துவப் பணியாளர்):
இல்லை, சகோதரி. அந்த மின்சாரத்தின் வேலை மணிக்கட்டிலேயே முடிந்துவிடுகிறது. விரலை நோக்கிச் சென்றது நரம்பு தானே எழுப்பிய துடிப்பு. ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தோலின்மேல் வைக்கும் எதிர்மின்முனை, தனக்கு அடியிலுள்ள இழையின் வெளிப்புறத்தையும் எதிர்மின் பக்கம் இழுப்பதால், இழையைச் சுற்றியுள்ள படலத்தின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. அது ஏறத்தாழ 55 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியதும் படலத்திலுள்ள சோடியம் வாயில்கள் திறந்துகொள்ள, வெளியே மிகுந்திருக்கும், நேர்மின் ஏற்றமுள்ள சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் அடுத்த பகுதியின் வாயில்களையும் திறக்க வைக்கிறது. துடிப்பு இப்படியே முன்னேறித் தசையை அடைகிறது. அங்கே நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையைச் சுருங்க வைக்கிறது.

வாசகி:
மிக்க நன்றி. ஆனால் துடிப்பு முழுமையாக எழும், இல்லையேல் எழவே எழாது என்றுதான் பள்ளியில் படிவம் ஐந்தில் படித்தேன். மின்சாரத்தைக் கூட்டக் கூட்டத் துள்ளலும் கூடியதே, அது ஏன்?

மறுமொழி (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்):
நல்ல கேள்வி, அம்மா. பாடத்தில் படித்தது ஓர் இழைக்குரிய விதி. மணிக்கட்டு நரம்பிலோ ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. தடித்த இழைகளும் மின்முனைக்கு அருகில் உள்ளவையும் குறைந்த மின்சாரத்திலேயே எழும். கூட்டும்போது மற்றவையும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் எழுந்த பிறகு எவ்வளவு கூட்டினாலும் துள்ளல் வளராது. சோதிப்பவர்கள் வேண்டுமென்றே அந்த எல்லையைச் சற்றுத் தாண்டித்தான் அளவெடுக்கிறார்கள்.

விரலுக்குப் போனது இயந்திரத்தின் மின்சாரம் அல்ல என்பதற்குத் தாமதமே சான்று. நரம்புத் துடிப்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று கருதப்பட்ட காலத்தில், ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் அதை அளந்தார். வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் வந்தது. கம்பியில் மின்சாரம் செல்லும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் மெதுவானது. உங்கள் அம்மாவின் சோதனையிலும் அந்தத் தாமதத்தைத்தான் அளந்திருப்பார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தால் துடிப்பு அந்த இடத்தைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். அறிக்கையில் மில்லிவினாடி என்று குறித்த எண்ணை மருத்துவரிடம் காட்டி, இயல்பான அளவைவிட அது எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேளுங்கள்.