மறு: சிக்கல்தாளா, முடிச்சுத்தாளா?

வணக்கம் அண்ணாச்சி,

> ‘பயிற்சித்தாள்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பயிற்சித்தாள் பாடம் முடிந்தபின் கொடுப்பது. நான் பெயர் தேடும் தாள் பாடத்துக்கு முன்னால் வருவது: ஒரு சிக்கலைக் கொடுத்து, அதை அவிழ்க்க வேண்டியதைப் பிள்ளைகளையே தேடவைப்பது. 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்வியில் ‘ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்’ தொடங்கியபோதே வரிசை அதுதான்: முதலில் நோயாளியின் தொல்லை, அப்புறம் அதற்கு வேண்டிய படிப்பு.

மேல்நிலைக் கரிம வேதியியலுக்கு எழுதிவரும் தாளில் ஒன்று:

“உடன்குடிப் பக்கம் ஒரு பனையில் இரண்டு கலயம். ஒன்றில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது, மற்றதில் இல்லை. காலையில் ஒன்று பதநீர், மற்றது கள். கள்ளைத் திறந்தே வைத்தால் நாளாக நாளாகக் காடியாகிறது. எதில் என்ன சேர்மம்? எப்படி உறுதிசெய்வாய்?”

சமன்பாடு எதுவும் தருவதில்லை. சாற்றின் சர்க்கரையான சுக்ரோஸை ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பது, சைமேஸ் நொதி அவற்றை எத்தனாலாக்குவது, நுரைக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு என்பது, காற்றுப் பட்டதும் பாக்டீரியா எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்குவது, சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டை அடக்கிவைப்பது எல்லாம் பிள்ளைகள் தேடி வரவேண்டியவை. சோடியம் பைகார்பனேட் போட்டால் காடி நுரைக்கும் என்பான் ஒருவன். “கள்ளும் லேசாகப் புளித்திருக்குமே, அதுவும் நுரைக்காதா?” என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டால் தாள் வேலை செய்கிறது. (கள் இறக்கத் தடை இருக்கிறது, வகுப்புக்குச் சர்க்கரைக் கரைசலும் ஈஸ்ட்டும் போதும்.)

சரி, பெயருக்கு வருவோம். ‘கணக்கு’ என்றால் எண்ணைத் தேடுவார்கள். ‘புதிர்’ என்றால் விடை ஒன்றுதான், அதுவும் கேட்டவர் மடியில் இருக்கிறது. ‘முடிச்சுத்தாள்’ எனக்கும் பிடித்தது. ஆனால் முதலில் அவிழ்க்கிற பையனை ‘முடிச்சவிக்கி’ என்று கூப்பிடாமல் நம்மூர் வகுப்பு விடாது.

> புணர்ச்சிப்படி ‘சிக்கற்றாள்’ அல்லவா வரும்?

வரும். தலையில் சிக்கு இல்லாத பெண்ணென்று படிப்பார்கள்! ‘சிக்கல்தாள்’ என்றே விட்டுவிடலாம்.

‘ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்’ முறைக்குச் ‘சிக்கல்வழிக் கற்றல்’. ‘ப்ராஜெக்ட் பேஸ்டு’ என்பதற்குச் ‘செயல்திட்டவழிக் கற்றல்’. இரண்டையும் ‘பிபிஎல்’ என்று சுருக்கிக் குழம்புவது தீரும். ‘சிக்கெடுத்தல்’ என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. தாளின் இரண்டாம் பகுதிக்கு அதையே தலைப்பாக்கிவிட்டேன்.

விடை சொல்லாமல் கூட இருந்து நடத்தும் ஆசிரியருக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘வழிகாட்டி’ என்றால் வழியைக் காட்டிவிடுகிறாரே. வேறு தோன்றினால் எழுதுங்கள்.