எந்த மதர்போர்டை நம்பி வாங்கலாம்? டர்பன், ஜோபர்க் அனுபவங்கள்

பிளஃப் வாசி (டர்பன்):
மகனுக்குப் புது கம்ப்யூட்டர் கட்டப் போகிறோம். ரைசன் 5 ப்ராசசர், அதற்கேற்ற பி550 வகை மதர்போர்டு என்பது வரை முடிவாகிவிட்டது. பிராண்டில்தான் வீட்டில் சண்டை. அவன் யூடியூப் பார்த்துவிட்டு ஏசஸ் என்கிறான், என் மைத்துனர் எம்எஸ்ஐ தவிர எதையும் தொடாதே என்கிறார். போன போர்டு எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிதான், பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் பின்பக்க யூஎஸ்பி வாய்களில் துரு, ரேம் ஸ்லாட் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். அதற்கும் பிராண்டுக்கும் சம்பந்தம் உண்டா, தெரியவில்லை. உங்களுக்கு எது உழைத்தது, எது கைவிட்டது, எழுதுங்களேன்.

ஃபீனிக்ஸ்காரன்:
2018-ல் வாங்கிய கிகாபைட் பி450. இன்னும் ஓடுகிறது. வேறென்ன சொல்ல?

பழைய சால்டரிங் கை (சேட்ஸ்வொர்த்):
தம்பி, ஒரு போர்டு ஓடியதை வைத்து ஒரு கம்பெனிக்கே சான்றிதழ் கொடுக்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு பிராண்டு பக்தி எல்லாம் மிஞ்சியிருக்காது. அப்போது வந்த போர்டுகளில் பாதிக்கு ஒரே வியாதி. ப்ராசசர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பி, சிலவற்றில் பழுப்பாகக் கசிந்து, போர்டில் காய்ந்து ஒட்டியிருக்கும். உள்ளே ஊற்றிய எலக்ட்ரோலைட் கலவையே மட்டம். அதில் வாயு உண்டாகி மூடியைத் தள்ளியது. விலை உயர்ந்த போர்டு, மலிவு போர்டு என்று அது பார்க்கவில்லை. கெப்பாசிட்டர் செய்தவன் வேறு, பெட்டியில் பெயர் போட்டவன் வேறு. 105 டிகிரி தாங்கும் ஜப்பான் கெப்பாசிட்டர்களை மாற்றிப் போட்டால் பல போர்டுகள் பிழைத்தன.

பெயரை நம்புவதைப் பற்றி இன்னொன்று. அபிட் என்று ஒன்று இருந்தது, ப்ராசசரை அதிக வேகத்தில் ஓட்டும் ஓவர்கிளாக் ஆட்களின் செல்லப்பிள்ளை. 2008 முடிவில் கடையைக் கட்டிவிட்டது. இன்டெலே டெஸ்க்டாப் போர்டு தொழிலை விடுவதாக 2013-ல் அறிவித்தது. இப்போது நாம் கடையில் பார்ப்பது பெரும்பாலும் ஏசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக். நாலும் தைவான். ஏஎஸ்ராக் 2002-ல் ஏசஸிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

அதனால் நான் பெயரை விட்டுவிட்டு விஆர்எம் பக்கம் பார்ப்பேன். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ப்ராசசருக்கு வேண்டிய ஒன்று, ஒன்றரை வோல்ட்டாக இறக்கும் இடம் அது. ஒரே கம்பெனியின் மலிவு போர்டில் அங்கே மாஸ்ஃபெட்கள் (சூடேறும் சின்னச் சுவிட்ச் சில்லுகள்) மூடியில்லாமல் மொட்டையாக நிற்கும், கொஞ்சம் விலை கூடிய மாடலுக்குப் போனால் சூட்டை இழுக்கும் கனமான ஹீட்சிங்க் இருக்கும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் எட்டுக் கோர் ப்ராசசரை மொட்டை போர்டில் போட்டால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாடலைப் பாருங்கள் அண்ணே, பிராண்டை அல்ல.

லெனேசியா வாசகர் (ஜோபர்க்):
எங்கள் பக்கம் உப்புக் காற்று கிடையாது, ஆனால் கோடையில் மத்தியானம் திரண்டால் இடி மின்னல்தான். அதோடு 2023-ல், முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6 வரை போன காலம். போகிற கரண்ட் கெடுதல் செய்வதைவிட, திரும்பி வரும்போது அடிக்கும் அடிதான் மோசம். பக்கத்து வீட்டுப் பையன் பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்துகொண்டிருந்தான், பாதியில் இருட்டு. கரண்ட் வந்ததும் போர்டில் உயிரே இல்லை. அவன் அதிர்ஷ்டம், அந்த மாடலில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தது. பென் டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலைக் கம்பெனி சொன்ன பெயரில் மாற்றிப் போட்டு, பின்பக்கம் குறித்த யூஎஸ்பி வாயில் செருகி பட்டனை அழுத்தினோம். விளக்கு சிமிட்டியது, நின்றது, போர்டு எழுந்துவிட்டது. ப்ராசசர், ரேம் எதுவுமே இல்லாமல்கூட இது நடக்கும். பி550-இலும் எல்லா மாடலிலும் அந்தப் பட்டன் கிடையாது, கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக் பி550 போர்டு ரைசன் 5000 வரிசை ப்ராசசரை அடையாளம் காணாமல் நின்றால் அப்போதும் இதுதான் கைகொடுக்கும். அப்டேட் செய்யும்போது யூபிஎஸ் கண்டிப்பாக வேண்டும்.

மரிட்ஸ்பர்க் அக்கா:
எல்லோரும் போர்டைப் பற்றியே பேசுகிறீர்கள், வாங்குகிற கடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை! இன்டெல் ப்ராசசருக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு ஒன்று வாங்கினேன், முதல் நாளே ஆன் ஆகவில்லை. எடுத்துக்கொண்டு போனால், "சாக்கெட் பின் வளைந்திருக்கிறது, உங்கள் கைவேலை, வாரன்டி கிடையாது" என்றார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே சாக்கெட்டைப் போட்டோ எடுத்துவைப்பது என் வழக்கம். மூலையில் இரண்டு பின் சாய்ந்திருப்பது அதில் பளிச்சென்று தெரிந்தது, ப்ராசசர் இன்னும் உள்ளே போகவே இல்லை. அப்புறம் குரல் இறங்கியது. நம் தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர்தான், கடைக்காரர் அல்ல. அதைச் சொன்னேன், வேறு போர்டு கொடுத்தார்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது அது இல்லையென்றால் அதையே சாக்காகச் சொல்வார்கள். உள்ளூர் விநியோகஸ்தர் யார் என்று கேளுங்கள். யாரோ பெட்டியில் வைத்து வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை இருநூறு ராண்ட் குறைவு என்று வாங்கினால், கெட்டுப்போகும் நாளில் எங்கே போய் நிற்பீர்கள்?

பிளஃப் வாசி:
நன்றி. ஹீட்சிங்க், ஃபிளாஷ்பேக் பட்டன், உள்ளூர் வாரன்டி மூன்றும் உள்ள பி550 எந்தக் கடையில் ஸ்டாக் இருக்கிறதோ அதுவே எங்கள் பிராண்டு என்று மகனிடம் சொல்லிவிட்டேன். கடல் காற்றுக்கு ஏதாவது வழி உண்டா?

பழைய சால்டரிங் கை:
கேஸை ஜன்னலோரம் வைக்காதீர்கள், முன் ஃபேனுக்கு ஃபில்டர் போடுங்கள். நாள்கணக்கில் அணைத்துப் போடாமல் அடிக்கடி ஓட்டினால் உள் சூடே ஈரத்தை உலர்த்தும். அந்தப் பழைய ரேமைப் புதுசில் போடுவதாக இருந்தால் முதலில் அதன் தங்கப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். அது டிடிஆர்4 வகை ரேம்தானே? அப்புறம், பவர் சப்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பழசையேவா மாட்டப் போகிறீர்கள்? அது எத்தனை வயது, எத்தனை வாட் என்று எழுதுங்கள், போர்டை அப்புறம் பார்க்கலாம்.