வீட்டுப் பூனையும் கர்ப்பமும்: மணல் முற்றத்தில் எதற்குப் பயப்படணும்?

கடலோரத்தாள் (மண்டபம் பக்கம்):

எனக்கு இப்போ 11 வாரம். வீட்டுல நாலு வயசுப் பெண் பூனை ஒண்ணு இருக்கு. கருத்தடை பண்ணியாச்சு, ரேபிஸ் ஊசியும் போட்டாச்சு. சாப்பாடு சாளை, நெத்திலி, சோறு. அது போக எலி, அணில்னு அதுவே பிடிச்சுத் தின்னுக்கும். மணல் போட்டு வைக்கிற தட்டுல வெளிக்குப் போற பழக்கமே கிடையாது. கிணத்தடி மணல்ல தோண்டிப் போயிட்டு மூடிட்டு வந்துடும். பொன்னாங்கண்ணி, புதினாப் பாத்தியும் அங்கேயேதான் இருக்கு.

பூனை முடி உள்ள போனா பிள்ளைக்கு ஆகாது, மீன் ஏலக்கூடத்துல கொண்டு விட்டுடலாம்னு அத்தை சொல்றாங்க. உண்மையிலேயே விடணுமா? நான் ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா? பூனைக்கும் எடுக்கணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்துப்பெட்டி (கால்நடை மருத்துவம்):

விட வேண்டியதில்லை. முடியால் வருகிற விஷயமும் இல்லை. கவனிக்க வேண்டியது, கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கும் தாவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. ஆடு, எலி, கோழி, மனிதன் எல்லாருடைய சதைக்குள்ளும் அது தங்கும். ஆனால் அதன் முட்டைக்கூடுகள் வெளியே வருவது பூனை இனத்தின் மலத்தில் மட்டும்தான்.

ஒரு பூனைக்கு முதல் தடவை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை இந்தக் கூடுகள் மலத்தில் போகும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். எலி பிடித்துத் தின்று வளர்ந்த நாலு வயசுப் பூனை அந்தக் கட்டத்தைக் குட்டியாக இருந்தபோதே தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பூனைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பெரிய பயன் இல்லை. இப்போது புதிதாக வேட்டை பழகும் குட்டிகள்தான் சந்தேகத்துக்குரியவை. பிரசவம் முடியும்வரை தெருக்குட்டி எதையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

அத்தையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் பூனை போனால் அந்த மணல் காலியாக இருக்காது. ஏலக்கூடத்துப் பூனைகளில் ஒன்று வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊசி போட்ட, தெரிந்த பூனையைக் கொடுத்துவிட்டுத் தெரியாத பூனையை வாங்கிக்கொண்ட கதைதான்.

முக்கியமான கணக்கு இது: மலத்தோடு வெளியே விழும் கூடு உடனே தொற்றாது. முதிர்வதற்கு 1 முதல் 5 நாள் வேண்டும். ஆகவே 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மலத்தை அள்ளி அப்புறப்படுத்தினாலே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். அள்ளுவது வீட்டில் வேறு யாராவது. நீங்கள்தான் செய்தாக வேண்டும் என்றால் கையுறை, மாஸ்க் போட்டு, தூசி கிளம்பாமல் மெதுவாக அள்ளி, பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள்.

பிளீச்சிங் பவுடர், டெட்டால், ஃபினாயில் எதற்கும் இந்தக் கூடு சாகாது. ஃபினாயில் பூனைக்கே விஷம். காலில் பட்டதை நக்கியே சுகமில்லாமல் போகும். கூட்டைக் கொல்வது சூடுதான். மலத்தை எடுத்த பிறகு தட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும்.

தீனி விஷயத்தில் மீன் பிரச்சினையே இல்லை. இந்த ஒட்டுண்ணி வெப்ப ரத்தப் பிராணிகளின் சதையில்தான் தங்கும். ஆனாலும் உப்பில்லாமல் வேக வைத்துக் கொடுப்பது நல்லது. கறிக்கடையில் சும்மா கொடுக்கும் ஜவ்வு, கோழிக்குடல் இவற்றைப் பச்சையாகப் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். ராத்திரியில் வீட்டுக்குள் அடைத்து வைத்தால் எலி வேட்டையும் குறையும்.

வேலியோரம் (உச்சிப்புளி):

டாக்டர் சொன்னது தட்டுக்குச் சரி. நம்ம பக்கத்துல பாதி வீட்டுக்குத் தட்டு எங்க இருக்கு? முற்றம் பூராவும் மணல். பூனைக்கு அதைவிட நல்ல கக்கூஸ் கிடைக்காது. அதனால முற்றத்தையும் பார்க்கணும்.

ஈரமும் நிழலும் இருந்தா அந்தக் கூடு மண்ணுல ஒரு வருஷத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும். வெயில் காயுற மொட்டை மணல்ல அவ்வளவு தாங்காது. இப்போ கிணத்தடியை யோசிங்க: துவைக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் ஊறுற இடம், மேல தென்னை நிழல். வீட்டுலயே மோசமான இடம் அதுதான், கீரையும் அங்கதான். பாத்தியை இந்த வருஷம் கைவிடுங்க, இல்லன்னா வேற யாராவது பார்க்கட்டும். முருங்கை, அகத்தி மாதிரி மரத்துக் கீரைக்கு இந்தத் தொல்லை இல்ல.

பூனையை அங்கிருந்து விலக்க, பனைமட்டையைக் கருக்கோட நெருக்கமா அடுக்குங்க. நடுவுல ஒரு சாண் இடம் விட்டாலும் அங்க தோண்டிடும். சீமைக்கருவேல முள்ளும் போடலாம், ஆனா கர்ப்பமா இருக்கிறவங்க புழங்குற இடத்துல முள் வேண்டாம். பழைய மீன்வலை விரிக்கிறவங்க நாலு பக்கமும் குச்சி அடிச்சு இறுக்கிக் கட்டுங்க. தொளதொளன்னு கிடந்தா பூனை கால் மாட்டிக்கிட்டுக் கத்தும், நீங்க குனிஞ்சு எடுக்கப் போவீங்க. வீடு கட்ட வாசல்ல மணல் கொட்டியிருந்தா தார்ப்பாய் போட்டு மூடணும். தெருப்பூனை மொத்தமும் அங்கதான் வரும்.

தட்டுக்குப் பழக்க: கொத்தனார் வச்சிருக்கிற அகலமான பிளாஸ்டிக் சாந்துச் சட்டி போதும். அது போற இடத்து மணலையே ரெண்டு அங்குலம் போட்டு, மூத்திரம் நனைஞ்ச மண் ஒரு பிடி கலந்து, முதல்ல கிணத்தடியிலேயே வைங்க. போக ஆரம்பிச்சதும் தினமும் ரெண்டு மூணு அடி நகர்த்திப் பின்கட்டுக்குக் கொண்டு வாங்க. ஒரே நாள்ல வீட்டுக்குள்ள தூக்கி வச்சா திரும்பி மணலுக்கே ஓடிடும். இதெல்லாம் வீட்டு ஆம்பளைங்க வேலை, நீங்க தொட வேண்டாம்.

அலை அடிக்கிற இடத்து மணலை அள்ளாதீங்க. உப்பு இருக்கிறதால சாயங்காலக் காத்துல ஈரம் இழுத்து நாத்தம் பிடிக்கும். மேட்டு மணலை அரிச்சுக் காய வச்சுக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னாடியே ரெண்டு சாக்கு காய்ஞ்ச மணல் எடுத்து வைங்க. அள்ள ஒரு பழைய ஜல்லிக்கரண்டி. அது மறுபடி அடுப்படிக்கு வராம பிடியில சிவப்புக் கயிறு கட்டிடுங்க. அள்ளினதைப் பையில கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்க. வண்டி வராத ஊர்னா கிணத்துக்கு எட்ட, ரெண்டடி ஆழத்துல புதைக்கணும். ஓடையிலயோ கடல்லயோ கொட்ட வேண்டாம்.

கிணத்துக்கு மூடி இருக்கா? குளோரின் போட்டாலும் இந்தக் கூடு சாகாது. குடிக்கிற தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வச்சு ஆத்திக் குடிங்க.

அடுப்படி (கீழக்கரை):

தங்கச்சி, எல்லாரும் பூனையையே சொல்றாங்க. கறியைச் சொல்லல. ஆட்டுக்கறி வழியாவும் இதே நோய் வரும், நம்ம ஊர்ல கறி இல்லாத வாரம் உண்டா?

குக்கர்ல வெந்த கறி, பிரியாணிக் கறி பத்திக் கவலை வேண்டாம். உள்ளே 67 டிகிரி சூடு ஏறினாலே அது செத்துடும். மாட்டுறது வேற இடத்துல. தவாவுல நடுவுல சிவப்போட எடுக்கிற ஈரல், சரியா வேகாத சுட்ட கறி, பாதி வேகும்போது உப்புப் பார்க்கிறது. அப்புறம் கறி வெட்டின பலகையிலயே வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்கிப் பச்சடி போடுறது. பலகை ரெண்டு வச்சுக்கோங்க. பச்சைக்கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவணும். ஃப்ரீசர்ல மூணு நாள் கல்லா உறைஞ்ச கறியில பெரும்பாலும் செத்துடும்னாலும், கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல அதை நம்ப முடியாது.

சத்துன்னு சொல்லிப் பச்சையா ஆட்டுப்பால் கொடுப்பாங்க. காய்ச்சாம குடிக்காதீங்க. மட்டி, சிப்பி தண்ணியை வடிகட்டித் தின்கிற சாதி, ஊர்க்கழிவு ஓடி வர்ற இடத்துல எடுத்தா கூடும் அதுக்குள்ள இருக்கலாம்; வாய் திறந்த உடனே இறக்காம நல்லா வேக விடுங்க. கருவாடு மணல்லயே காயுறது, பூனை அது மேலதான் நடக்கும். குழம்புல கொதிச்சா சரியாப் போகும், ஆனா கழுவிட்டு அந்தக் கையோட எதையும் சாப்பிடாதீங்க. புதினா, மல்லியை உப்புத் தண்ணியில, மஞ்சள் தண்ணியில போட்டா அந்தக் கூடு சாகாது. ஓடுற தண்ணியில இலை இலையா அலசி, துவையலை வதக்கி அரைங்க.

நுண்ணோக்கி (பரிசோதனைக்கூடம்):

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டார்ச் என்று பல தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு மொத்தப் பட்டியலை எல்லாக் கர்ப்பிணிக்கும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லி, டாக்ஸோவுக்கு மட்டும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கலாமா எனக் கேளுங்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எடுத்தால்தான் முடிவைப் படிப்பது எளிது.

ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் முன்பே வந்து போயிருக்கிறது. எதிர்ப்புசக்தி குறைவான உடல்நிலை இல்லாதவரை குழந்தைக்குக் கவலை இல்லை. இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்றவில்லை. மேலே சொன்ன கவனமெல்லாம் உங்களுக்குத்தான்.

ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தால்தான் வீடே அழும். அது பழைய தொற்றிலும் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும், பொய்யாகவும் காட்டும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு கருவைக் கலைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த படி ஐஜிஜி அவிடிட்டி, அதாவது அந்த எதிர்ப்பொருள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று பார்க்கும் சோதனை. அது உயர்வாக வந்தால் தொற்று ஏறக்குறைய 4 மாதத்துக்கு முந்தையது. நீங்கள் 11 வாரத்தில் இருப்பதால், அப்படி வந்தால் கருத்தரிக்கும் முன்பே வந்து போனது என்று எடுத்துக்கொள்ளலாம். அவிடிட்டி குறைவு என்பது மட்டும் புதுத் தொற்று என்பதற்குச் சாட்சி ஆகாது; சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

புதுத் தொற்றேதான் என்றாலும் வழி இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் ஸ்பைராமைசின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்த்து, தேவைப்பட்டால் மருந்தை மாற்றுவார்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தாவும் வாய்ப்பு குறைவு, தாவினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் தாவுவது அதிகம், பாதிப்பு பெரும்பாலும் லேசு. ஆகையால் அஞ்சாம் மாதம் தாண்டிவிட்டது என்று கவனத்தைத் தளர்த்தக் கூடாது.

கடலோரத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. பாத்தியை இன்னைக்கே மூடச் சொல்லிட்டேன், அவர் பனைமட்டை எடுக்கப் போயிருக்கார். இன்னும் ரெண்டு சந்தேகம். பூனை காது ஓரத்துல காசு அளவுக்கு வட்டமா முடி உதிர்ந்திருக்கு. பக்கத்து வீட்டுல பூனைக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தாங்களாம், அதையே கொடுக்கலாமா? அப்புறம், பூனை பிறாண்டிட்டா இந்த நேரத்துல ஊசி போடலாமா?

மருந்துப்பெட்டி:

வட்டமாக உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது உங்களுக்கும் தொற்றும், கருவைப் பாதிக்காது. ஆனால் அந்த மாத்திரையின் பெயரை அட்டையில் பாருங்கள். கிரிசியோஃபல்வின் என்று இருந்தால் நீங்கள் கையாலும் தொடக்கூடாது. கருவில் ஊனம் உண்டாக்கக்கூடிய மருந்து. பூனையைக் காட்டும்போதே வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று சொன்னால், மேலே பூசும் மருந்தாகவோ வேறு மாத்திரையாகவோ எழுதுவார்கள். மருந்து போடுவதும் வேறு ஆள்தான். அதுவரை பூனை உங்கள் படுக்கையில் வேண்டாம். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து செத்துப்போகும்.

பிறாண்டினாலோ கடித்தாலோ 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ரேபிஸ் தடுப்பூசி கர்ப்பத்தில் போடலாம், தவிர்க்கத்தான் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் உண்டு. உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். கடைசி ஊசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதற்கும் இந்த வாரமே போட்டுவிடலாம்.