ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டலாமா?

அலையாத்தி:
அலையாத்திக் காடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். முதல் இயலில் நான்கு இடங்களில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் கொடுத்திருந்தேன். நெறியாளர் நான்கையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஆனால் நான் படித்தது அங்கேதான். படிக்காத கட்டுரைகளின் பெயரைப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பழைய நூலகர்:
மனசு வரவில்லை என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள் அம்மா. இருபது வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்துப் போட்ட ஆய்வேடு ஒன்று வந்தது. பக்க எண்ணில் இருந்த பிழையும் கூடவே வந்திருந்தது. மூலநூல் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அதன் இரவல் சீட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

உங்கள் நெறியாளர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கோவாட்டி என்று தென் அமெரிக்காவில் ஒரு விலங்கு. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் அதற்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என விக்கிப்பீடியாவில் சும்மா எழுதி வைத்தார். நாளிதழ்கள் எடுத்துக்கொண்டன, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் ஏறியது. அப்புறம் நாளிதழ்ச் செய்தியே விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்குச் சான்றாகிவிட்டது!

அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே உள்ள மூலத்தைத் தேடி, திறந்து, படித்து, அதையே சான்றாகக் கொடுங்கள்.

குடுவை:
நான் வேதியியல். எங்கள் துறையில் எல்லோரும் படிக்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. 2017இல் வந்த ஓர் ஆய்வில், வேதியியல் தலைப்புகளில் புதிதாகக் கட்டுரைகள் எழுதி, பாதியை மட்டும் விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். ஏற்றியவற்றின் சொற்கள்தான் பிறகு வந்த ஆய்விதழ்க் கட்டுரைகளில் கூடுதலாகத் தென்பட்டன. மறைப்பதைவிடச் சொல்லிவிடுவது மேல் அல்லவா?

பழைய நூலகர்:
மேல்தான். விக்கிப்பீடியாவையே ஆராய்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வெறும் முகவரி போதாது, நாளைக்கே பக்கம் மாறிவிடும். பக்க வரலாற்றுக்குப் போய், நீங்கள் படித்த நாளின் பதிப்பைத் திறந்து, அந்த நிலையான இணைப்பைக் கொடுக்க வேண்டும்.

அலையாத்தி:
நேற்று உட்கார்ந்து தேடினேன். மூன்றுக்கு மூலக் கட்டுரை கிடைத்தது, படித்துவிட்டேன்; ஒன்றில் எண் வேறாக இருந்தது, திருத்தினேன். நான்காவது வரிக்கு அடிக்குறிப்பே இல்லை. ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சான்று கேட்டு எழுதியிருக்கிறேன்.