புதுப் பள்ளி வருகிறது, நம் வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம்?

டாலஸுக்கு வடக்கே

வீடு பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள்: "அந்த கம்யூனிட்டிக்கு (குடியிருப்புக்கு) எந்த எலிமெண்டரி (ஆரம்பப் பள்ளி)?" ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் நடந்ததையும் எழுதுங்கள்.

நாங்கள் வீடு வாங்கியபோது ரியல்டர் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னார். பில்டர் அலுவலகத்தில் கொடுத்த தாளிலும் அதே பெயர். நடந்து போகிற தூரம். அதற்காகவே பட்ஜெட்டைத் தாண்டி வாங்கினோம். மகள் கிண்டர்கார்டன் சேர்ந்தாள், முதல் வகுப்பு முடித்தாள். இரண்டாம் வகுப்பின் நடுவில், இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மெயில் வந்தது. அடுத்த ஆகஸ்டில் புது எலிமெண்டரி திறக்கிறது, எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்ற எல்லை மாறுகிறது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பின்வேலியோடு கோடு போயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் அவளுடைய உயிர்த்தோழி. அவள் பழைய பள்ளி, என் மகள் புதுப் பள்ளி.

அந்தக் கோபத்தில் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். குரல் நடுங்கப் பேசினேன். யாரும் பதில் சொல்லவில்லை, அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவமானமாக இருந்தது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் போர்டு உறுப்பினர்கள் பொதுவாக பதில் பேசுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெளியே வந்தபோது, கட்டடத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலர் ஒருவர் பின்னாலேயே வந்தார். வயதானவர். என் கையில் இருந்த தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். "உங்கள் பகுதியில் பத்து வீட்டுக்கு நான்கு எலிமெண்டரி வயதுக் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800 வீடு என்றால் 720 குழந்தைகள். ஒரு எலிமெண்டரி நிறைந்தது. நீங்கள் வாங்கியபோது அங்கே எத்தனை வீடு இருந்தது? இப்போது எத்தனை?" டிஸ்ட்ரிக்டில் குழந்தைகளை மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை மனைக்கு அனுமதி வாங்கியாயிற்று, எத்தனை இடத்தில் அடித்தளம் போட்டாயிற்று, கட்டி முடித்தும் எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள். தெருத் தெருவாகக் காரில் போய்ப் பார்ப்பதும் உண்டு என்றார். அரை மணி நேரம் நின்று பேசினோம். எனக்குக் கண் திறந்தது அந்த வராந்தாவில்தான்.

அதன் பிறகு நான் தேடிப் படித்ததில் முக்கியமானது இது. டெக்சஸில் பள்ளிக்குப் பணம் இரண்டு பைகளில் வருகிறது. கட்டுவதற்கான பணம் பாண்ட், அதாவது வாக்காளர்கள் ஒப்புதல் தந்து வாங்கும் கடன். ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பஸ் எல்லாம் வேறு பை. பாண்ட் பணத்தை எடுத்து அந்தப் பையில் போட முடியாது. அதனால் கட்டடம் தயாராக இருந்தும் பள்ளியைத் திறக்க முடியாமல் போகலாம். டாலஸுக்கு வடக்கே உள்ள பிரிஸ்கோவில் அப்படித்தான் நடந்தது. 2014இல் அங்கே 77.5 கோடி டாலர் பாண்டுக்கு மக்கள் சரி என்றார்கள். 2016 ஆகஸ்டில் நடைமுறைச் செலவுக்கான வரியை உயர்த்தக் கேட்டபோது தோற்கடித்தார்கள். 2017இல் திறக்க வேண்டிய நான்கு பள்ளிகளை டிஸ்ட்ரிக்ட் ஓராண்டு தள்ளிப்போட்டது. மெமோரியல் ஹை ஸ்கூலும் அதில் ஒன்று.

பிரிஸ்கோவின் வளர்ச்சி நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. 1990இல் சுமார் 6,000 பேர் இருந்த ஊர். 2000இல் 33,714. 2020இல் 2 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு ஹை ஸ்கூலில் சுமார் 2,100 பேர் போதும் என்பது அந்த டிஸ்ட்ரிக்டின் கொள்கை. அதனால் இன்று 12 ஹை ஸ்கூல்கள். பக்கத்து ஆலன் ஊர் நேர் எதிர் வழியில் போனது. ஊருக்கே ஒரு ஹை ஸ்கூல், 5,000 பேருக்கு மேல். சின்னப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு விளையாட்டு டீமிலும் இசைக்குழுவிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் ஒவ்வொரு பள்ளி திறக்கும்போதும் கோடு மாறும். பெரிய பள்ளியில் கோட்டுச் சண்டையே இல்லை, ஆனால் கூட்டத்தில் பிள்ளை காணாமல் போகலாம். என்னைக் கேட்டால் சின்னப் பள்ளிதான். கோடு மாறும் வலியைப் பட்ட பிறகும் அதையே சொல்கிறேன்.

அந்த அலுவலர் இன்னொன்றும் சொன்னார், அப்போது நான் நம்பவில்லை. "இந்தக் குழந்தைகள் ஹை ஸ்கூல் போகும்போது இதே எலிமெண்டரியில் இடம் காலியாகும்." ஏனென்றால் பெற்றோர் வீட்டை விற்பதில்லை. விற்றாலும் அந்த விலைக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கும் இளம் குடும்பம் வாங்க முடிவதில்லை. அவர்கள் இன்னும் வடக்கே, பிராஸ்பர், சலைனா பக்கம் போகிறார்கள். 2024 நவம்பரில் பிரிஸ்கோவில் சுமார் 100 கோடி டாலர் பாண்டும் வரி உயர்வும் சேர்ந்து தோற்றன. அடுத்த மாதமே ஸ்டேலி மிடில் ஸ்கூலை மூட போர்டு முடிவெடுத்தது. வருடா வருடம் பள்ளி திறந்த ஊரில் பள்ளி மூடுகிறார்கள் என்று படித்த அன்று, அவர் கணக்குப் போட்ட அந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

வாஷிங்டன் புறநகர், வர்ஜீனியா

எழுதியதற்கு நன்றி. இங்கே சட்டம் வேறு. எங்கள் ஸ்கூல் போர்டுகளுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது, பணம் கவுண்டியை (மாவட்டம் மாதிரி) நடத்தும் சூப்பர்வைசர்கள் கையில். ஆனால் நிலத்தின் வகையை மாற்றக் கேட்கும்போது பில்டர் பள்ளிக்கான மனையைத் தர முன்வருவதுண்டு. பக்கத்து லவுடன் கவுண்டியில் 2000இல் 1,69,599 பேர், 2020இல் 4,20,959 பேர். அவ்வளவு வேகத்துக்கு நிலம் எங்கே கிடைக்கும்? அந்தக் கவுண்டியின் ஆஷ்பர்னில் அதே நிலத்துக்கு டேட்டா சென்டர்களும் போட்டி. அவை கட்டும் வரிப்பணம் பள்ளிகளுக்கும் உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் அனுபவம் ஒரு எல்லை விசாரணைக் கூட்டம். எங்கள் கம்யூனிட்டியிலிருந்து முப்பது பேர் ஒரே நிற டிஷர்ட்டில் போயிருந்தோம். நான்கு வாட்ஸ்அப் குழுக்கள், வரைபடம், கையெழுத்து மனு, எல்லாம் தயார். எனக்கு முன்னால் பேச வந்தவர் அபார்ட்மெண்ட் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. வேலை உடுப்போடு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீடே மாறாமல் தன் மூத்த மகனுக்கு இது மூன்றாவது பள்ளி என்றார். "கோட்டை எங்கே போட்டாலும் எங்கள் கட்டடத்தின் மேல்தான் போடுகிறீர்கள். நாங்கள் கூட்டமாக வருவதில்லை, அதனாலா?" அவ்வளவுதான் பேசினார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுதி வைத்திருந்தது எங்கள் பிள்ளைகள் நடந்து போகும் பாதை பற்றி. அதைப் படிக்க மனம் வரவில்லை. அவர் சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் சிலர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோவிலில் பார்த்தால் தலையசைப்பார்கள். பரவாயில்லை.

கடைசியில் வந்த வரைபடத்தில் அந்தக் கட்டடம் பழைய பள்ளியிலேயே இருந்தது. எங்கள் தெரு மாறியது. மகன் இரண்டு வாரம் அழுதான், அப்புறம் பழகிவிட்டான்.

கம்மிங், ஜார்ஜியா

எங்கள் ஃபோர்சைத் கவுண்டியும் அதே கதைதான். 2000இல் ஒரு லட்சத்துக்கும் குறைவு, 2020இல் இரண்டரை லட்சம். ஆனால் இங்கே பள்ளி கட்ட ஒரு பங்கு விற்பனை வரியில் வருகிறது. ஒரு டாலருக்கு ஒரு சென்ட், அதிகபட்சம் ஐந்து வருடம், முடிந்தால் மறுபடி வாக்கெடுப்பு. கடையில் பொருள் வாங்கும் வெளியூர்க்காரரும் கொடுப்பதால் வீட்டு வரி அளவுக்கு யாருக்கும் உறுத்துவதில்லை.

என் மகள் போர்ட்டபிளில் ஒரு வருடம் படித்தாள். பள்ளிக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருக்கும் அந்தத் தற்காலிக வகுப்பறைகள்தான். பார்த்ததும் மனைவிக்கு மனசு உடைந்துவிட்டது, "இதற்கா அமெரிக்கா வந்தோம்" என்றாள். ஆனால் மகளுக்கு மிக நல்ல ஆசிரியை அங்கேதான் கிடைத்தார். மழையில் கழிவறைக்கு ஓடியது தவிர மகளுக்குக் குறையே இல்லை.

பிராஸ்பர், டெக்சஸ்

அண்ணா, நாங்கள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வாடகை வீடு, எச்1பி வேலை விசா. 2023இல் இங்கே சுமார் 280 கோடி டாலர் பாண்டுக்கு வாக்கெடுப்பு நடந்து, வாக்குச்சீட்டில் இருந்த நான்கு திட்டங்களில் மூன்று வென்று ஸ்டேடியம் மட்டும் தோற்றது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு வரிசையைப் பார்த்தால் பையன் ஹை ஸ்கூல் முடிக்கும்வரை வராது. நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

டாலஸுக்கு வடக்கே

தம்பி, இதே கேள்வியை நானும் அந்த அலுவலரிடம் கேட்டேன். எனக்கும் அன்று ஓட்டு இல்லை. ஓட்டு குடியுரிமை உள்ளவருக்கு மட்டும்தான். ஆனால் வரி நாமும் கட்டுகிறோம், வாடகை வழியாக நீங்களும் கட்டுகிறீர்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு டிஸ்ட்ரிக்டின் நீண்டகாலத் திட்டக் குழுவுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். விண்ணப்பித்தேன். விசா, குடியுரிமை எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு கூட்டம், பெரும்பாலும் காலி நாற்காலிகள். எல்லை மாறும் இரவில் ஐந்நூறு பேர் வரும் அதே அரங்கில், அந்தப் பள்ளிக்கு எங்கே நிலம் வாங்குவது என்று பேசிய நாளில் பதினோரு பேர் இருந்தோம். திட்டமிட்டுக் கட்டி முடிக்க எலிமெண்டரிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம், ஹை ஸ்கூலுக்கு மூன்றுக்கும் மேல் ஆகும். கோடு எங்கே விழும் என்பது பாதிக்கு மேல் அந்தப் பதினோரு பேர் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

ஓட்டு உள்ள நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள். டெக்சஸில் பள்ளி பாண்டுக்கான வாக்குச்சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது 2019இல் வந்த சட்டம். வரி விகிதம் ஒரு சென்ட்டும் ஏறாது என்றாலும் அந்த வாசகம் இருக்கும். நம் ஆட்கள் பலர் அதைப் படித்ததும் வேண்டாம் என்று போட்டுவிட்டு வருகிறார்கள். வேண்டாம் என்பதும் நியாயமான முடிவாக இருக்கலாம். விகிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இன்னொன்று: இந்த மாநிலத்தில் நகரங்கள் பில்டரிடம் தண்ணீர், கழிவுநீர், சாலைக்கான கட்டணம் வாங்கலாம், பள்ளிக்கு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. பாண்ட் தோற்றால் அந்தப் பணம் வேறு யாரிடமிருந்தும் வராது.

என் மகள் இப்போது அந்தப் புதுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. பின்வேலித் தோழியை ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் பார்க்கிறாள். வகுப்பு நடப்பது இதே புதுப் பள்ளியின் கேஃபிடீரியாவில், வாடகைக்கு.

உங்கள் டிஸ்ட்ரிக்டின் கூட்ட நாள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். தேதியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள், முதல் கூட்டத்துக்கு நானும் வந்து உங்களோடு உட்காருகிறேன்.